களிமண்ணிடை வைத்த செம்பு

எம் விடுதியில் அடுத்த அறையில் உறையும் இரசாயன மாணவர் ஒருவர், சென்ற பருவம் முழுதும் களிமண்ணும் கையுமாய்த் திரிந்தனர். அது குயவர் தொழிலன்றோ என்று யாம் நகைத்தோம். அவர் சினவாது விளக்கலாயினர்.

நடுவே ஓர் உலோக அணு நிற்க, வேறு மூலக்கூறுகள் அதனைச் சூழ்ந்து பற்றியிருக்கும் பொருளை அணைவுச் சேர்மம் என்பர். இவற்றுட் சில, தாம் அழியாது பிறவற்றின் மாற்றத்தை விரைவுபடுத்தும் வினையூக்கிகளாம். வில்கின்சன் என்பார் பெயரால் வழங்கும் ரோடியச் சேர்மம் அவற்றுட் புகழ்பெற்றது. ஆயின், கரைசலில் தொழில் புரியும் இவற்றைப் பின்னர்ப் பிரித்தெடுத்தல், பாலிற் கரைந்த சர்க்கரையை மீட்பதனை யொக்கும். ரோடியமோ விலைமிக்க உலோகம்.

இவ்விடத்தேதான் களிமண் துணை வருகின்றது. பிரான்சு தேசத்து மான்மோரியான் என்னும் ஊரால் பெயர்பெற்ற மான்ட்மோரில்லோனைட், சுவடிபோல் அடுக்கடுக்காய் அமைந்தது. ஏடொன்றின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கே. ஏடுகள் எதிர்மின்னேற்றம் உடையன. அவற்றிடையே சோடியம் முதலிய நேர்மின் அயனிகள் தங்கும். அவற்றை வெளியேற்றி, நேர்மின்னேற்றமுள்ள அணைவுச் சேர்மத்தை அங்கே குடியேற்றலாம். நீர்மம் புகுந்து ஏடுகள் விலக, வினைப்பொருள்கள் உட்சென்று மாறி மீளும். மண்ணை வடித்தெடுத்து மீண்டும் வழங்கலாம். 1975ஆம் ஆண்டில் பின்னவையா, வெல்ட்டி என்னும் இருவர் இத்தகைய களிமண்ணொன்றில் ரோடியச் சேர்மத்தை வைத்து ஹைட்ரஜனேற்றம் நிகழ்த்தினர்.

எம் நண்பர் எளிய பொருளையே கொண்டனர்: எத்திலீன் டையமின் சூழ்ந்த செம்பு. வெளிறிய மண் ஊதா நிறம் ஏற்றதனைக் காட்டினர். ஹைட்ரஜன் பெராக்சைடில் இட்டபோது குமிழிகள் பொங்கின. வடித்தெடுத்து இரண்டாமுறையும் மூன்றாமுறையும் இட்டபோதும் பொங்கின. தமிழ் மாணவராகிய யாமும் கைகொட்டினோம்.

நான்காம் நாள் இரவு அவர் வந்து எம் கட்டிலில் அமர்ந்தனர். மண்ணை நீக்கிய தெளிநீரிலும் புதிய பெராக்சைடு பொங்கிற்றாம். செம்பு சிறிது சிறிதாய் நீரில் இறங்கிவிட்டது. பிறிதோர் அயனியை வெளியேற்றிப் புகுந்தது, தானும் அவ்வாறே வெளியேற வல்லதன்றோ?

"அச்சோதனையை எழுதாது விடலாமே, மும்முறை பொங்கியது பொய்யன்றே" என்றோம். அதனை இன்று நினைப்பினும் நாணுகின்றோம். அவர் மறுமொழி கூறாது, எம் மேசைமேற் கிடந்த பாடபேதக் குறிப்பேட்டைத் தொட்டு, "ஒவ்வாத பாடத்தை நீர் மறைப்பீரோ?" என்றனர்.

அவர் அறிக்கையில் வடிநீர்ச் சோதனை முதற் பக்கத்திலேயே இடம்பெற்றது. செம்பைப் பற்றும் மூலக்கூற்றினை ஏட்டின் விளிம்போடே பிணைத்துவிடும் வழியை இப்பொழுது தேடுகின்றனர். மறுபடியும் களிமண்ணும் கையுமாய்த்தான் திரிகின்றனர்.