அப்பாவின் சாரல் ஏடு

என் தகப்பனார் குற்றாலத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று திரும்பி முதற்சாரல் விழும் நாளை, ஆண்டுதோறும் ஒரு நீளக் கணக்கேட்டில் குறித்துவைப்பது அவர் வழக்கம். பேரருவியில் தண்ணீர் எப்படி, ஐந்தருவியில் ஐந்து கிளையும் விழுந்தனவா, பழைய குற்றாலத்தில் கூட்டம் உண்டா என்று நாளுக்கு ஓரிரு வரிகள். கடைக்காரருக்குச் சாரல்தானே அறுவடை!

அவர் காலமானபின் ஏடு என் கைக்கு வந்தது. தென்காசியில் தமிழாசிரியனாக இருந்த எனக்கு அப்போது கணிப்பொறிப் பித்து தலைக்கேறியிருந்தது. 1999-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறை முழுவதும் அமர்ந்து, ஏட்டை எழுத்து விடாமல் தட்டச்சுச் செய்தேன். ஏட்டின் முதுகைச் செல் அரித்திருந்தது. இனி இது எதற்கு என்று பழைய தாள்களோடு எடைக்குப் போட்டுவிட்டேன். பிறகு தங்கை வந்து ஏட்டைக் கேட்டபோது, "எல்லாம் கணிப்பொறியில் பத்திரமாக இருக்கிறது" என்று பெருமையோடு சொன்னேன். "அப்பா கையெழுத்துமா, அண்ணே?" என்று கேட்டாள். அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

சென்ற ஆண்டு ஆனி மாதம், தங்கையின் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். கணிப்பொறி விளையாட்டென்றால் அவனுக்குச் சோறும் வேண்டாம். என் அலமாரியைக் குடைந்து ஒரு குறுந்தகட்டை எடுத்தான். அதில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று அப்பாவின் குறிப்புகள். மற்றொன்று நான் அந்நாளில் இரவெல்லாம் ஆடிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்னும் விளையாட்டு.

விளையாட்டு உடனே திறந்துகொண்டது. பழைய கணிப்பொறியைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் ஒன்று உண்டு. பழைய விளையாட்டுகளின்மேல் ஆசை வைத்தவர்கள் ஆக்கியது. அதன் துணையால் வெள்ளுடை இளவரசன் இருபத்தைந்து ஆண்டு கழித்தும் அதே துள்ளலோடு ஓடினான். அப்பாவின் குறிப்புகளோ திறந்தும் பயனில்லை. நாள், ஆண்டு ஆகிய எண்கள் மட்டும் தெளிவாக நின்றன. மற்றவையெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக்கிடந்தன. "இது என்ன பாஷை, தாத்தா?" என்றான் பேரன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்த விளையாட்டைப் பற்றி இணையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். 1989-இல் அதை ஆக்கிய ஜோர்டான் மெக்னர், தன் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அந்த அசைவுகளை இளவரசனுக்குக் கொடுத்தாராம். தாம் எழுதிய மூல நிரலையே அவர் பின்னாளில் தொலைத்துவிட்டார். 2012-இல் அவருடைய தகப்பனார் வீட்டில் ஒரு பெட்டியிலிருந்து அந்த வட்டுகளைக் கண்டெடுத்துக் கொடுத்தார். அங்கே தொலைத்தவர் மகன், காத்தவர் தகப்பன். என் வீட்டிலும் அப்படித்தான் என்று எண்ணியபோது மனம் சுட்டது.

எதிர்வீட்டுப் பெண் மாத்தளம்பாறையில் மென்பொருள் வேலை பார்ப்பவள். ஜோஹோ நிறுவனம் 2011-இல் அங்கே அலுவலகம் திறந்தபின், கணிப்பொறி வேலைக்குச் சென்னைக்குத்தான் போகவேண்டும் என்ற நிலை எங்கள் பக்கத்தில் கொஞ்சம் மாறியிருக்கிறது. அவள் என் என்றோ ஒரு நாளைய மாணவரின் மகள். மறுநாள் மாலை வந்து திரையைப் பார்த்தாள்.

"எந்த எழுத்துரு, சார்?"

நினைவில்லை. இடம் மிச்சமாகட்டும் என்று வெறும் உரைக்கோப்பாகச் சேமித்திருந்தேன். எழுத்துருவின் பெயர் அதில் பதிவாகவில்லை. அந்நாளில் ஒவ்வொருவரும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைத் தம் விருப்பம்போல் உட்காரவைத்துக்கொண்டார்கள். ஒருவர் எழுதியதைப் படிக்க, அவருடைய எழுத்துருவே நம்மிடமும் இருந்தாக வேண்டும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழிணையம் 99' மாநாடு கூடியது. அதைச் செய்தித்தாளில் படித்த பிறகும் பழைய வழியிலேயே தட்டியவன் நான். இன்றுள்ள ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உலகெங்கும் ஒரே எண். 'அ' என்றால் எந்நாட்டிலும் 2949.

"சார், அரைப்புள்ளிதான் ரொம்ப வருது" என்றாள் அவள்.

தமிழில் அப்படி அடிக்கடி வருவது எது? மெய்யெழுத்தின் புள்ளி! இலக்கணம் நடத்தியவனுக்கு அது தெரியாமற்போகுமா? நாளைக் குறித்த எண்ணுக்குப் பின்னால் திரும்பத் திரும்ப ஒரே கோவை நின்றது: ஆர், எச், யு, வை, அரைப்புள்ளி. இறுதியில் புள்ளி, அப்பா ஒவ்வொரு நாளும் முதலில் எழுதும் சொல். "சாரல்" என்று கூவிவிட்டேன். "அப்படின்னா பாமினி, சார்" என்று சிரித்தாள். இலங்கைத் தமிழரிடையே பெரிதும் வழங்கிய எழுத்துரு அது. எனக்கும் இலங்கை நண்பர் ஒருவர்தான் தந்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பாமினியை ஒருங்குறியாக்கும் மாற்றி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கோப்பை அதில் ஒட்டினாள். இமைக்கும் நேரந்தான். சில இடங்களில் 'ர்' இருக்கவேண்டிய இடத்தில் காலும் புள்ளியும் நின்றன. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் நானே செய்த கோளாறு. அவற்றைத் திருத்த மூன்று நாள் ஆயிற்று.

முழுவதையும் தங்கையின் கைப்பேசிக்கு அனுப்பினேன். இரவு பத்து மணிக்கு அழைத்தாள். 1968 ஆடியில் ஒரு நாளைப் படித்துக் காட்டினாள்: "சாரல் இல்லை. சின்னவளுக்குக் காய்ச்சல். கடை அடைப்பு." சாரற்காலத்தில் அப்பா கடையை அடைத்த நாளொன்று உண்டென்று எங்கள் இருவருக்குமே தெரியாது. நான் தட்டச்சுச் செய்த வரிதான். விரல்தான் படித்திருக்கிறது போலும்.

சற்றுநேரம் கழித்து, "இதை உங்க கையால ஒரு நோட்டுல எழுதிக் கொடுங்க, அண்ணே. உங்க எழுத்து அப்பா எழுத்து மாதிரியே இருக்கும்" என்றாள்.

தென்காசிக் கடைத்தெருவில் ஒரு நீளக் கணக்கேடு வாங்கினேன். இப்போது 1964 வரை வந்திருக்கிறேன்.