மிதிக்கிற காலுக்குக் கணக்கு வேணும்!

காஞ்சிபுரத்துக்கு ரயில் இருக்கிறது. பஸ் இருக்கிறது. வசதிப்பட்டவர்களுக்கு ஏ.சி. கார் இருக்கிறது. நான் மட்டும் எப்போதும் கத்தரிக்காய் மூட்டைகளோடுதான் போவேன்.

காரணம், என் அத்தை மகன். அவனிடம் ஒரு டாடா 207 டி.ஐ. பிக்கப் வண்டி இருக்கிறது. 2011-ல் வாங்கியது. ராத்திரி காலியாகக் கிளம்பி கோயம்பேடு வருவான். விடியற்காலை ஒரு டன் காய்கறியோடு காஞ்சிபுரம் திரும்புவான். மாசத்தில் ஒரு சனிக்கிழமை அவன் பக்கத்து சீட்டில் நான். டிக்கெட் கிடையாது. டீ செலவு என்னுடையது. 'இதற்குப் பேர் பயணமா, கஞ்சத்தனமா?' என்று ஆபீஸில் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

போன தை மாசம் நடந்த கதை இது. காலை மூன்றரை மணி. கோயம்பேட்டில் தக்காளி, கத்தரிக்காய், கோஸ் எல்லாம் ஏறியாயிற்று. மச்சான் ஸ்டார்ட் செய்தான். பின்னால் ஒரு கருப்பு மேகம் எழுந்தது. மூட்டை தூக்குகிறவர் ஒருவர் இருமிக்கொண்டே எங்களை ஆசீர்வதித்தார். அதை இங்கே எழுத முடியாது.

பூந்தமல்லி தாண்டியதும் மச்சானுக்கு வேகம் வந்துவிட்டது. எண்பது. முன்னால் போகிற கன்டெய்னரைத் தாண்டுவான், பிரேக் போடுவான், மறுபடி அழுத்துவான். ஸ்பீடு கூடும்போதெல்லாம் மேலே தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. ராமானுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியவில்லை. நான் கண்ணை மூடி அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுங்குவார்சத்திரத்தில் டீக்கு நிறுத்தினோம். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அணைக்கலையா மச்சான்?"

"அணைச்சா திரும்ப ஸ்டார்ட் பண்ண டீசல் ஜாஸ்தி இழுக்கும்டா. உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? ஃபைல் தள்ளுறவன் நீ."

டீயை உறிஞ்சியபடியே விஷயத்தைச் சொன்னான். "இந்த வண்டியைத் தள்ளிவிடப் போறேன். நடைக்கு இவ்வளவுன்னு ஒரே வாடகை. டீசல் நம்ம தலையில. லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல போயிடுச்சு, வாடகை ஏறலை. புது வண்டி வாங்கினாதான் பொழைக்க முடியும். லோன் ஃபாரம் வாங்கி வச்சிருக்கேன். முன்பணத்துக்கு உன் தங்கச்சி செயினைக் குடுக்கிறேன்னுட்டா."

'உன் தங்கச்சி' என்றது அவன் மனைவியை. கல்யாணத்தின்போது போட்ட செயின். எனக்கு டீ இறங்கவில்லை.

வெள்ளை கேட்டில் திரும்பி ஊருக்குள் நுழைந்தோம். கடைகளில் மூட்டைகளை இறக்கிவிட்டு பிள்ளையார்பாளையம் போனோம். மச்சான் வீடு அங்கேதான்.

காஞ்சிபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஏகாம்பரேஸ்வரர், காமாட்சி, வரதராஜப் பெருமாள் என்று கும்பிட்டுவிட்டு, காந்தி ரோட்டில் புடவை வாங்கிக்கொண்டு, பர்ஸைத் தடவிப் பார்த்தபடி பஸ் ஏறிவிடுவார்கள். பிள்ளையார்பாளையம் பக்கம் வருகிறவர்கள் குறைவு. வந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கலாம். பக்கத்திலேயே கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. கருவறையைச் சுற்றி வருவதற்கு ஒரு குறுகல் வழி உண்டு. குழந்தை மாதிரி தவழ்ந்து உள்ளே நுழைய வேண்டும். அதில் என் தொப்பையோடு நான் பட்ட பாடு தனிக் கட்டுரை.

அன்றைக்குத் தெருவுக்குள் வண்டி போகவில்லை. தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவு போட்டிருந்தார்கள். நூறு நூறாக இழைகள், இளம் வெயிலில் அரக்குச் சிவப்பில் மின்னிக்கொண்டு. ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேர் இழை இழையாகப் பிரித்துச் சரி செய்துகொண்டிருந்தார்கள். கஞ்சி போட்ட பாவு காய்ந்தாக வேண்டும். அதுவரை அந்தத் தெருவில் கலெக்டர் ஜீப் வந்தாலும் நிற்க வேண்டியதுதான்.

மச்சான் வண்டியை நிறுத்தினான். என்ஜின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. புகை பாவுப் பக்கம் போனது. அவ்வளவுதான்! அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்:

"டேய், அணைடா வண்டியை! பட்டு மேல கரி படியப் போவுது!"

என் மாமாதான். ஐம்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவர். மச்சான் பேசாமல் சாவியைத் திருப்பினான்.

அத்தை வீட்டுத் திண்ணையில் பஞ்சாயத்து ஆரம்பமாயிற்று. புது வண்டி விவகாரம் மாமாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் குடுக்குது?"

"எட்டோ ஒம்பதோ குடுக்கும்பா."

"எட்டா, ஒம்பதா?"

"அது... மீட்டர் ஓடலைப்பா."

அத்திவரதர் தரிசனத்துக்கு ஊரே திரண்டதே, 2019-ம் வருஷம், நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள்... அந்தக் கூட்டத்தில் ஒரு நாள் ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்ததாம். கிலோமீட்டர் எண் அதோடு நின்றுவிட்டது. வரதர் குளத்துக்குத் திரும்பிவிட்டார். மச்சான் கேபிள் மாற்றவில்லை. அவன் சொல்லும் வேகமெல்லாம் உத்தேசம்தான்!

மாமா எழுந்து உள்ளே போய் ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்தார். தறிக் கணக்கு.

"மாப்ளே, நீ படிச்சவன், பாரு. எனக்குப் பட்டும் சரிகையும் எடை போட்டுதான் குடுப்பாங்க. புடவையை நெஞ்சு எடுத்துட்டுப் போனா மறுபடி எடை போட்டுதான் வாங்குவாங்க. சேதாரத்துக்கு ஒரு அளவு உண்டு. அதுக்கு மேல குறைஞ்சா கூலியில பிடிப்பாங்க. பட்டு கர்நாடகத்துலேர்ந்து வருது. சரிகை சூரத்துலேர்ந்து வருது. இந்த ஊர்ல என்ன விளையுது? கணக்கு ஒண்ணுதான் நம்ம ஊர் சரக்கு. போட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவுன்னு தெரியாமத் தறியை விக்கிறவன் உண்டா?"

காஞ்சிப் பட்டுக்கு 2005-06ல் புவிசார் குறியீடு கிடைத்ததன் பின்னால் இந்த மாதிரி எத்தனை நோட்டுகள் இருக்கின்றனவோ!

மச்சான் தலையைச் சொறிந்தான். "நானும் சும்மா இல்லப்பா. டீசல் பைப்புல காந்தம் மாட்டினேன். பாட்டில்ல ஒரு மருந்து வாங்கி டேங்க்ல ஊத்தினேன்..."

"கூடிச்சா?"

"கூடின மாதிரிதான் இருந்துச்சு."

அளந்து பார்க்காதவனுக்கு எல்லாமே கூடின மாதிரிதான் இருக்கும். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறை இந்த மாதிரிக் கருவிகளை நூற்றுக்கு மேல் ஆராய்ந்து பார்த்திருக்கிறது. பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவவில்லை. காந்தத்தை எடுத்து அத்தையிடம் கொடுத்தோம். ஊசி தொலைந்தால் தேட ஆகும்.

அன்று மத்தியானமே மெக்கானிக் பாயிடம் போனோம். முதல் வேலை, இருநூற்றுச் சொச்சம் ரூபாயில் ஸ்பீடாமீட்டர் கேபிள். அடுத்து பங்க்கில் டேங்க் நிறைய, கழுத்து வரைக்கும் டீசல். கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டோம். மூணு நடை வழக்கம்போல ஓட்டிவிட்டு, அதே பங்க்கில் அதே மாதிரி கழுத்து வரைக்கும் நிரப்பச் சொன்னார் பாய். ஓடின கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுத்தால் விடை. உங்கள் பைக்குக்கும் இதே கணக்குதான்.

அடுத்த புதன்கிழமை மச்சான் போன் செய்தான். லிட்டருக்குப் பத்து. போக வர 140 கிலோமீட்டருக்குத் தினம் 14 லிட்டர்.

பிறகுதான் பாய் வண்டியில் கை வைத்தார். அவர் சொன்னதை மச்சான் வாய்மொழியாகவே தருகிறேன்:

"கறுப்புப் புகைன்னா டீசல் முழுசா எரியலைன்னு அர்த்தமாம். காசுதான் புகையாப் போவுது. ஏர் ஃபில்டரைக் கழட்டித் தட்டினாரு, அரை முறம் மண்ணுடா! மூச்சு விடவே வழி இல்லாம ஓடிட்டு இருந்திருக்கு. நாசில் நாலுல ரெண்டு ஒழுகுது. கல்யாணத்துல பன்னீர் தெளிப்பாங்களே, அந்த மாதிரி தெளிக்கணுமாம். நம்மளது குழாயடி மாதிரி சொட்டுது. ஓட்டிட்டு வந்து நிறுத்தினதும் சக்கரம் நாலையும் தொட்டுப் பார்த்தாரு. பின்னாடி ஒரு டிரம் மட்டும் கொதிக்குது. பிரேக் விடவே இல்லை. பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஆக்சிலேட்டரை மிதிச்சிருக்கேன்டா இத்தனை நாளா!"

இதோடு டயர் இரண்டில் காற்று குறைவு. வண்டியில் தேவையில்லாத கனமோ கேட்கவே வேண்டாம்: பழைய ஸ்டெப்னி ஒன்று, இரும்புச் சங்கிலி, மரப் பலகைகள், யாரோ கொடுத்த கிரைண்டர் கல். கிரைண்டர் கல்லைத் தினமும் கோயம்பேட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் திருப்பிக் கூட்டிவந்திருக்கிறான், ஓசியில். என்னைப் போலவே!

"கம்ப்ரெஷன் போயிருந்தா நானே வித்துடுன்னு சொல்லியிருப்பேன். என்ஜின் நல்லா இருக்கு. ஓட்டுற ஆள்தான் சரியில்லை" என்றாராம் பாய். செலவு மொத்தம் பதினோராயிரம்.

மீதி ரிப்பேர் மச்சானின் வலது காலுக்கு. அதை மாமா எடுத்துக்கொண்டார். குழித்தறியில் கால்தான் மிதிகட்டையை மிதிக்கிறது. அவசரப்பட்டு மிதித்தால் இழை அறும். "மிதிக்கிற காலுக்குக் கணக்கு வேணும்டா" என்று சாப்பிடும்போதெல்லாம் சொன்னாராம்.

விஞ்ஞானமும் மாமா கட்சிதான். காற்று வண்டியைத் தடுக்கிற விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 60-ல் இருப்பதைப்போல எண்பதில் ஒன்றே முக்கால் மடங்கு. மத்திய அரசு 1978-ல் தொடங்கிய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம் 45-55 கிலோமீட்டர் வேகத்தில் போகச் சொல்வது இதனால்தான். நாம்தான் பங்க்கில் அந்த போஸ்டரின் மேலேயே சாய்ந்துகொண்டு சில்லறை எண்ணுகிறோம்.

இரண்டு மாசம் கழித்து, பங்குனியில் மறுபடி ஏறினேன். ஸ்டார்ட் செய்தான். மேகம் எழவில்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தான். பூந்தமல்லி தாண்டியும் முள் ஐம்பத்தைந்தை விட்டு நகரவில்லை. இடது ஓரமாக, தூரத்து லாரியைப் பார்த்து முன்கூட்டியே காலை எடுத்து, பிரேக் தேவைப்படாமல் போனோம். மேம்பால இறக்கத்தில், "நியூட்ரல் போட்டா இன்னும் மிச்சமாகுமே?" என்று என் அறிவைக் காட்டினேன்.

"கியர்ல இருந்து காலை எடுத்தா பம்ப்பே டீசலைக் குறைச்சிடும். நியூட்ரல்ல என்ஜின் சும்மா ஓடவாவது டீசல் குடிக்கும். லோடோட பிரேக்கையே நம்பி இறங்கவும் கூடாது. உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்றான், பாய் குரலில்.

சுங்குவார்சத்திரத்தில் டீ. என்ஜினை அணைத்தான். சூடான என்ஜினைத் திரும்ப ஸ்டார்ட் செய்ய ஆகிற டீசல் துளிதான். சும்மா ஓடவிட்டால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் போய்விடும். முதல்தடவையாக அந்த டீக்கடையில் ரேடியோ பாடுவது எனக்குக் கேட்டது. ஸ்ரீபெரும்புதூரையும் இந்த முறை கண்ணைத் திறந்தே பார்த்திருந்தேன்.

ஹைவேயில் ஐம்பது கிலோமீட்டரை எண்பதில் போனால் முப்பத்தேழரை நிமிஷம். ஐம்பத்தைந்தில் ஐம்பத்தைந்து நிமிஷம். வித்தியாசம் பதினேழு, பதினெட்டு நிமிஷம். அதற்காக அவன் கால் மணி முன்னாலேயே லோடு ஏற்றிக் கிளம்புகிறான். கத்தரிக்காய் எதுவும் கோபித்துக்கொள்ளவில்லை.

இப்போது லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுக்கிறது. தினம் இரண்டேகால் லிட்டர் மிச்சம். மாசம் 26 நடைக்கு ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். பாய்க்குக் கொடுத்த பதினோராயிரம் இரண்டு மாசத்தில் திரும்பிவிட்டது. பெரிய பணமில்லைதான். வண்டி ஒருநாள் கிழமாகத்தான் போகும், அன்றைக்குப் புதுசு வாங்கத்தான் வேண்டும். ஆனால், வருஷக்கணக்காகத் தவணை கட்டித் தப்பிக்க நினைத்த நஷ்டத்தில் ஒரு பெரிய பங்கு ஏர் ஃபில்டரிலும் வலது காலிலும்தான் இருந்தது.

பிள்ளையார்பாளையம் வந்தோம். தெருவில் பாவு. இந்த முறை பச்சை. மச்சான் தெருமுனையிலேயே என்ஜினை அணைத்துவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து அன்றைய கிலோமீட்டரை எழுதினான். எட்டிப் பார்த்தேன். லோன் அப்ளிகேஷன் ஃபாரம். அதன் பின்பக்கம் பூராவும் டீசல் கணக்கு.

வாசலில் தங்கச்சி கோலத்துக்குக் குனிந்திருந்தாள். கழுத்தில் செயின் ஆடிக்கொண்டிருந்தது.