எல்லைக்கு இப்பால் நம் மொழி

ஒரு மொழியின் வலிமையை அறிய விரும்புவோர், அது அரியணையில் வீற்றிருக்கும் ஊரில் மட்டும் அதனைக் கண்டு அமைதல் போதாது. வேறொரு மொழி ஆட்சி புரியும் ஊரில் அது எவ்வாறு வாழ்கின்றது என்பதையும் காணல் வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் வாழும் தமிழன் தன் மொழியைப் பற்றிச் சிறிதும் எண்ணாமலே ஒரு நாளைக் கழித்துவிடலாம். பேருந்தின் பலகையும் அரசாங்கத்தின் ஆணையும் அவனைத் தேடித் தமிழில் வருகின்றன. திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு அந்த வசதி இல்லை. இங்கே தமிழை நாம்தான் தேடிச் செல்ல வேண்டும்.

நம்மில் பலர் வாணிகத்தின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் இங்கு வந்து குடியேறியவர்கள். ஆயினும் சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் வலியசாலையிலும் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் அயல் மாநிலத்துக்குப் புறப்பட்டு வந்தவர்கள் அல்லர். எல்லைக்கோடே இடம் மாறிற்று. திருவிதாங்கூர் தனி நாடாக இருந்த காலத்தில் நாஞ்சில் நாட்டு நெல்லும் நாஞ்சில் நாட்டுத் தமிழும் ஒரே வண்டியில் ஏறித் தலைநகருக்கு வந்தன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அந்த இணைப்புக்காக 1954 ஆகஸ்டில் உயிர் நீத்தோரும் உளர். அவர்கள் கேட்டது நியாயமே. ஆனால் அன்று பிரிந்து சென்றோர் பெரும்பான்மையோர் ஆனபோது, இங்கே தங்கிவிட்ட நாம் முன்னினும் சிறுபான்மையோர் ஆனோம்.

எண்ணிக்கையிற் சிறியோரால் மொழிக்கு என்ன ஆகும் என்று சோர்வுறுவோருக்கு இவ்வூரே விடை கூறும். தமிழ்நாட்டு அரசு விழாக்களில் இன்று பாடப்பெறும் தமிழ்த்தாய் வாழ்த்து, 1891-ஆம் ஆண்டு வெளிவந்த 'மனோன்மணீயம்' என்னும் நாடக நூலின் பாயிரத்தைச் சேர்ந்தது. அதனை இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இந்நகரத்துக் கல்லூரியிலே தத்துவம் கற்பித்தவர். நம் காலத்தில் நீல பத்மநாபனும், சாலைத் தெருவில் கடை நடத்திய ஆ. மாதவனும் இவ்வூரிலிருந்தே தமிழில் எழுதிச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றனர். கேரளப் பல்கலைக்கழகத்துத் தமிழ்த் துறையில் பணியாற்றிய வ. அய். சுப்பிரமணியம், 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

சட்டமும் நம்மைக் கைவிடவில்லை. மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்ட 1956-ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பில் 350-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்பது அதன் கருத்து. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. தமிழரும் கன்னடரும் அரசுச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம். மறுமொழியும் அம்மொழியிலேயே வருதல் வேண்டும். உள்ளூர் அலுவலகங்களைப் பொறுத்தவரை, சிறுபான்மை மொழிப் பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே இவ்வுரிமை உண்டு.

இந்த உரிமை ஏட்டிலே உறங்குவதையும் விழித்தெழுவதையும் நான் ஒருமுறை நேரிற் கண்டேன். எங்கள் தெருவில் தனித்து வாழும் ஆச்சி ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோயிற்று. முப்பது நாளுக்குள் ஒரு சான்றிதழ் அனுப்புமாறு அலுவலகத்திலிருந்து வந்த மலையாளக் கடிதம் நாட்காட்டியின் பின்னே செருகப்பட்டுக் கிடந்தது. ஆச்சி மலையாளம் நன்றாகப் பேசுவார், எழுத்து அறியார். "தம்பி, வருஷம் வாழ்த்துச் சொல்லி வந்த காகிதம்னுல்லா நினைச்சேன்" என்றார். மூன்று மாதம் கடையிற் கடன் சொல்லி அரிசி வாங்கியிருக்கிறார். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

நான் அவருக்காகத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதித் துறைத் தலைவரின் அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றேன். மேசையில் இருந்த எழுத்தர், மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி வருமாறு கூறினார். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் படியை நான் பணிவோடு நீட்டினேன். அவர் அதனை மேலதிகாரியிடம் கொண்டு சென்றார். அந்த அதிகாரி மலையாளி, படித்துப் பார்த்து, "இவர் சொல்வது சரி, வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மலையாளத்திற் கூறினார். ஏழு வாரம் கழித்து மறுமொழி வந்தது. ஒற்றுப் பிழைகள் மலிந்த தமிழ், ஆயினும் தமிழ்! ஓய்வூதியமும் நிலுவையோடு வந்து சேர்ந்தது.

இத்துடன் முடிந்திருந்தால் இதனை வெற்றிக் கதையாக எழுதி மகிழ்ந்திருப்பேன். மறுமொழி வந்த நாளில் கொச்சியில் படிக்கும் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். ஆச்சி அக்கடிதத்தை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளை. ஆங்கிலமும் மலையாளமும் இந்தியும் தடையின்றிப் படிப்பவள். அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும் ஆச்சி" என்றாள். ஆச்சிக்கும் கண் மங்கிவிட்டது. இறுதியில் நானே சென்று படித்துக் காட்டினேன். சட்டம் கொடுத்தது, அலுவலகம் கொடுத்தது, பெற்றுக்கொள்ள வீட்டில் எழுத்தறிந்தார் இல்லை!

மலையாளத்தின் மீது பழி போடுவதற்கு இதில் இடமே இல்லை. 2017-இல் கேரளம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கிச் சட்டம் செய்தது. இம்மண்ணில் வாழும் நம் பிள்ளைகள் அம்மொழியைச் செம்மையாகக் கற்பதே முறை. ஆச்சி மலையாள எழுத்தை அறிந்திருந்தால் மூன்று மாதத் துன்பம் நேர்ந்திராது. உடன்பிறந்த மொழிகள் ஒரு குழந்தையின் நாவில் ஒன்றையொன்று நெருக்குவதில்லை. தமிழ் எழுத்துப் பயிற்சியைப் பிள்ளைகளுக்கு ஊட்டாமல் விட்டது வீட்டின் கணக்கிலே சேரும்.

நமக்கு இருக்கும் இவ்வுரிமைகூட இல்லாத மொழிகளை இங்கு நினைத்தல் நம் கடமை. இந்நகரின் கிழக்கே அகத்தியமலைச் சாரலில் காணிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். தமிழுக்கும் மலையாளத்துக்கும் உறவான அவர்களது பேச்சுக்குத் தனி எழுத்து இல்லை. 1987-ஆம் ஆண்டு அம்மலைக்குச் சென்ற ஆராய்ச்சியாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிகள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். அதுவே ஆரோக்கியப் பச்சை. பாலோட்டிலுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, வந்த வருவாயிற் காணிகளுக்கும் பங்களித்தது. அந்த அறிவு எந்த ஏட்டிலும் இருந்ததன்று. அவர்கள் பேச்சில் இருந்தது. ஆயினும் 1969-ஆம் ஆண்டுச் சட்டம், தமிழும் கன்னடமும் அல்லாத பிற சிறுபான்மை மொழியினருக்கு வழங்கியது ஆங்கிலத்தில் எழுதும் உரிமையையே. மலைக்காணிக்கு அதனால் என்ன பயன்?

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, பதினாயிரம் பேரேனும் பேசும் மொழிகள் இந்தியாவில் 121. அவற்றுள் எட்டாம் அட்டவணையில் இடம் பெற்றவை 22 மட்டுமே. எஞ்சிய 99 மொழிகளையும் அவற்றினும் சிறியவற்றையும் பேசுவோர் நூற்றுக்கு ஏறக்குறைய மூவர். மொழிகளோ பல, அவற்றுக்குரிய மக்களோ சிலர். இத்தகைய மொழிகளுக்கு வழி காண்பது இயலாத காரியமன்று. 2009-இல் பொலிவியா தன் அரசியலமைப்பில் ஸ்பானிய மொழியோடு 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழிகளாக ஏற்றது. இங்கே வயநாட்டில் 2017 முதல் 'கோத்திரபந்து' என்னும் திட்டத்தின் கீழ், பழங்குடிப் பிள்ளைகளின் பள்ளிகளில் அவர்கள் இனத்தவரையே வழிகாட்டி ஆசிரியராக அமர்த்தினர். முதல் நாள் பள்ளிக்கு வரும் குழந்தை தன் மொழியில் ஒரு சொல்லைக் கேட்டால் அழாமல் அமரும். மொழிக் கொள்கை என்பதன் பயனெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கும்.

அன்பர்களே, சிறுபான்மையாய் வாழ்வது நமக்கு ஒரு பார்வையைத் தந்திருக்கிறது. பெரிய மொழிக்காரர் காணாததை நாம் காண்கிறோம். நமக்கு நீதி கேட்கும் அதே மூச்சில் காணிக்கும் நீதி கேட்டால்தான் நம் குரலுக்கு மதிப்பு உண்டாகும். செயலகத்துக்கு எழுத நேரும்போது தமிழில் எழுதுவோம். கேட்கப்படாத உரிமை நாளடைவில் இல்லாத உரிமையாகிவிடும். அதற்கும் முன்பாக, இரவு உணவுக்குப் பின் கால்மணி நேரம் பிள்ளையை அருகில் அமர்த்தி அகரம் எழுதச் செய்வோம். ஒரு கோடைக்குள் எழுத்து வசமாகும். பின்பு இந்தச் சங்கத் திங்களிதழை அவர்கள் கையிற் கொடுத்து, பெரியவர்களுக்குப் படித்துக் காட்டச் சொல்வோம்.