பீனியல் புள்ளி

அண்மையில் ஒரு ஸ்கேன் மையத்தில், மூளையின் நடுவே வெண்புள்ளியாய்த் தெரிந்த பீனியல் சுரப்பியைக் கண்ட இளைஞர் ஒருவர், "அது வெறும் கால்சியம் சார், அதைப் பார்க்கவே வேண்டியதில்லை" என்று அலட்சியமாய்த் திரையைத் தள்ளியபோது, சேலத்து எக்ஸ்ரே இருட்டறையில் டெவலப்பரும் ஹைப்போவும் விரல்களில் ஊற ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த எனக்குச் சினம் மூண்டது நியாயமென்றே கருதுகிறேன்.

சி.டி. ஸ்கேன் வருமுன், அடிபட்ட மண்டைக்குள் இரத்தம் கட்டி மூளையை ஒருபுறமாக ஒதுக்கியிருக்கிறதா என்றறிய டாக்டருக்கு எக்ஸ்ரே படத்தில் தெரியும் அப்புள்ளியே ஆதாரம்; நடுக்கோட்டை விட்டு 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் விபரீதம். ஆனால் சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ புறப்பட்ட லாரியின் டிரைவரை நடுநிசியில் பிரக்ஞையின்றிக் கொணர்ந்து கிடத்தும்போது, தலை இம்மியளவு திரும்பியிருந்தாலும் விலகாத புள்ளி விலகியதாகப் பொய்த்தோற்றம் காட்டும். கழுத்தெலும்பு முறிந்திருக்குமோ என்ற ஐயத்தால் தலையைத் தொட்டுத் திருப்பவும் இயலாது. எனவே தலைக்கேற்பக் குழாயையும் கேஸட்டையும் சாய்த்து, இருபுறமும் மணல் மூட்டையை அணைகொடுத்து, காதுத் துளைகள் சமதூரத்தில் நிற்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்து, அவர் திமிறாத ஒரு நொடியில் பட்டனை அழுத்தவேண்டும். ஈரம் சொட்டும் பிலிமில் இரு கண்குழிகளின் வெளியோரமும் மண்டையோட்டின் விளிம்பிலிருந்து ஒத்த தூரத்தில் இராவிடில், என் மூத்தவர் அதை டாக்டரிடம் போகவே விடமாட்டார். இத்தனைக்கும், வெள்ளையரைப்போல் நம்மவருக்கு அச்சுரப்பியில் சுண்ணம் அவ்வளவாக ஏறுவதில்லை. சிரமப்பட்டு எடுத்த படத்தில் புள்ளியே இல்லாமற் போவதும் உண்டு.

அந்தச் சுரப்பியின் இராக்காரியம் மெலட்டோனின் எனும் ஹார்மோனைச் சுரப்பது. யேல் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் 1958-இல் மாட்டுப் பீனியல்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அது இருளில் சுரப்பது; கண்ணில் படும் ஒளி, அதிலும் நீல ஒளி, அதை அடக்கும். (எங்கள் இருட்டறைச் சிவப்பு விளக்கு அதை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாதென்பதில் எனக்கோர் அற்ப சந்தோஷம்.) 1993-இல் டெக்ஸாஸில் ரஸல் ரைட்டர் குழுவினர், உயிரணுக்களைச் சிதைக்கும் ஹைட்ராக்ஸில் துணுக்குகளை அது தானே பற்றி அழிப்பதாகக் கண்டார்கள். வயோதிகத்தில் சுரப்பு குன்றுகிறது. அல்சைமர் நோயாளிகளின் மூளைநீரில் மேலும் குன்றியிருக்கிறது. எனினும் அக்குறைவு நோய்க்குக் காரணமா, அதன் விளைவா என்பது தீர்ந்தபாடில்லை. மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த சில இடங்களில் தூக்கம் சற்றுச் சீர்பட்டதேயன்றி, நோயாளியின் ஞாபகசக்தி தேறியதென நிரூபணமாகவில்லை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், கடிகாரமும் பகலொளியும் அண்டாத அறையில் மனிதரைத் தங்கவைத்து, உடம்பினுள் ஓடும் காலக்கணக்கை ஆராய்ந்த இத்தமிழ்நாட்டில், இருளுக்கு உள்ள மதிப்பு இவ்வளவுதான்: இரவெல்லாம் கைப்பேசியின் வெளிச்சத்தில் விழித்துக் கிடப்பவர் மருந்துக்கடையில் மெலட்டோனின் கேட்கிறார், நோயாளி உறங்கவேண்டிய வார்டிலோ விடிய விடியக் குழல்விளக்கு எரிகிறது, அதை அணைக்கச் சொன்னால் கிழவனுக்கு மின்கட்டணக் கவலை என்று சிரிக்கிறார்கள்.