வீட்டுக்கு ஒரு கலம்

அமெரிக்க நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமை ‘நன்றி நவிலும் நாள்’ ஆகும். அன்று உற்றாரும் நண்பரும் ஒரே வீட்டில் கூடி உண்பர். விருந்தின் சுமை முழுவதும் அவ்வீட்டார் தலையில் விழுவதில்லை. வீட்டுக்கு ஒரு கலம் உணவு வந்து சேரும். ஒருவர் உருளைக்கிழங்கு மசியல் கொணர்வார். மற்றொருவர் பரங்கிக்காய் இனிப்புக் கொணர்வார். வான்கோழியைக் கொணர்பவருக்கே கவலை மிகுதி. மற்றொரு கலம் குறைந்தாலும் விருந்து நடக்கும். வான்கோழி வேகாமற்போனால் பந்தி களையிழக்கும்.

புதிதாகக் குடியேறிய ஒருவர் இப்பொறுப்பை முதன்முறை ஏற்கும்போது அஞ்சுவது இயல்பே. ஏழு கிலோ எடையுள்ள பறவையின் உறைபனி நீங்கவே, குளிர்பதனப் பெட்டியில் மூன்று நான்கு நாள்கள் ஆகும். அவசரப்பட்டு வெளியே வைத்தால் கிருமிகள் பெருகும். பின்னர் உப்பும் வெண்ணெயும் தடவி, ஓவனில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் வாட்ட வேண்டும். மார்புக்கறி விரைவில் வெந்து உலர்ந்துவிடும். தொடைக்கறியோ தாமதமாக வேகும். தோலின் பொன்னிறத்தைக் கண்டு ஏமாறலாகாது. தொடையின் தடித்த பகுதியில் வெப்பமானியைச் செருகி, 74 பாகை செல்சியசு காட்டிய பின்னரே வெளியே எடுக்க வேண்டும். அரைமணி நேரம் ஆறவிட்டு, தட்டை இறுக மூடி, கொழுப்புச் சிந்தாமல் வண்டியில் கொண்டு செல்வர். கதவு திறந்ததும் எழும் மகிழ்ச்சிக் குரலே அத்தனை உழைப்புக்கும் கிடைக்கும் கூலி.

இவ்விருந்தின் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1620ஆம் ஆண்டு மேபிளவர் கப்பலில் வந்த ஆங்கிலேயர் 102 பேர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் முதற் குளிர்காலத்திலேயே மாண்டனர். எஞ்சியோருக்கு மீனை எருவாக இட்டு மக்காச்சோளம் பயிரிடக் கற்பித்தவர் டிசுகுவாண்டம் என்னும் மண்ணின் மைந்தர். 1621ஆம் ஆண்டு அறுவடை விருந்துக்கு வாம்பனோக் மக்களின் தலைவர் மாசசாய்ட் தொண்ணூறு பேருடன் வந்தார். அவர்கள் வெறுங்கையுடன் உண்ணவில்லை. ஐந்து மான்களை வேட்டையாடிக் கொணர்ந்தனர். அவ்விருந்தைப் பற்றி எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய மடலில் மான்கள் உள்ளன, பறவைகள் உள்ளன, வான்கோழி என்னும் பெயர் இல்லை.

அந்நட்பு நிலைக்கவில்லை. 1675இல் இரு சாராருக்கும் இடையே பெரும்போர் மூண்டது. வாம்பனோக் மக்கள் தம் நிலங்களை இழந்தனர். 1970 முதல் அவர்களின் வழித்தோன்றல்கள் அதே நாளில், அதே பிளிமத்தில் கூடித் துக்கநாள் கடைப்பிடிக்கின்றனர். ஒரே நாள் ஒருவருக்கு விருந்தாகவும் மற்றவருக்குத் துயரமாகவும் அமைந்துவிட்டது.

வான்கோழியை நினைவில் வைத்து, ஐந்து மான்களைக் கொணர்ந்தவரை மறந்தால் நன்றி நவிலல் முழுமை பெறாது. பிறந்த ஊரைவிட்டு வேற்றூரில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், வந்த புதிதில் ஒரு கலம் உணவோ ஒரு குடம் நீரோ தந்த அண்டை வீட்டார் இருப்பர். உங்கள் குடும்பத்துக்கு அவ்வாறு உதவியவர் யார்? பெற்றோரிடம் கேட்டறிந்து, அவர் பெயரை இப்பக்கத்தின் கீழே எழுதுங்கள். வரும் பொங்கலன்று முதற்கலம் அவர் வீட்டுக்குச் செல்லட்டும்.