எட்டு மாடிப் பொய்

தேசிங்கு ராஜா தன் கல்யாணத்துக்காகக் கல்யாண மகாலைக் கட்டவில்லை. கட்டினார் என்று செஞ்சிக் கோட்டையில் நின்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அத்தனையும் என் சொந்தச் சரக்கு.

நான் தளவானூர்க்காரன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் செஞ்சிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. ராஜகிரி அடிவாரத்தில், சதுர முற்றத்தின் நடுவே, கூம்புக் கூரையோடு சுமார் 80 அடி உயரத்துக்கு நிற்கிறது அந்த எட்டு மாடி. பார்த்தவுடன் எல்லோரும் கேட்பது, "யார் கட்டினது?" தெரியாது என்று சொல்ல வாய் வராது. பக்கத்து ஊர்க்காரன், இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டால்? பெயரில் கல்யாணம் இருந்தது. ஊர் வாயில் தேசிங்கு கதை இருந்தது. இரண்டுக்கும் நானே முடிச்சுப் போட்டேன்.

இத்தனைக்கும் வாலிபத்தில் மெட்ராஸ் போய், எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்து மாடிகளை எண்ணியவன் நான். 14 மாடி, 1959-ல் திறந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்வேன். அடுத்த ஊர் எட்டு மாடியை எண்ணிப் பார்த்ததுகூட இல்லை.

ஒரு பொங்கல் லீவில் சென்னையிலிருந்து தங்கை மகள் வந்தாள். பத்து வயசு.

"மாமா, அவ்ளோ உசரத்துக்குத் தண்ணி எப்படிப் போச்சு?"

"தோழிப் பொண்ணுங்க கொடத்துல தூக்கினு போவாங்க" என்றேன், யோசிக்காமல். போதாததற்கு, எட்டு மாடிக்கும் எட்டுத் தோழிகள் என்று எண்ணிக்கையும் கொடுத்தேன். அவள் அதைப் பள்ளிக் கட்டுரையில் எழுதி, டீச்சரிடம் பாராட்டும் வாங்கிவிட்டாள்.

பிறகு ஒருநாள் நூலகத்தில் பிரிட்டிஷ் காலத்து கெசட்டியர் ஒன்று கையில் கிடைத்தது. மதிலுக்கு வெளியே இருந்த குளத்திலிருந்து மண் குழாய் வழியாக ஆறாவது மாடிவரை தண்ணீர் போயிருக்கிறது! ஒவ்வொரு மாடியிலும் எட்டடிச் சதுரத்தில் ஒரே ஒரு அறை, அதைச் சுற்றி வளைவுகள் தாங்கும் தாழ்வாரம். கட்டடம் நாயக்கர் காலத்தது என்கிறார்கள். தேசிங்கு 1714-ல் போரில் இறந்தபோது, செஞ்சியை ஆண்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. என் பொய்யைவிட அந்தக் குழாய் எவ்வளவு பெரிய அதிசயம்! அதைத்தான் குழந்தையிடமிருந்து பறித்து, குடத்தைக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் குன்றிலேயே மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் இருக்கிறது. வாசலுக்கு மேலே மகர தோரணம், இரண்டு பக்கமும் வாயிற்காவலர்கள். தெற்குப் பார்த்த குகைக்குள்ளே கிழக்குப் பார்த்த கருவறை. செய்வித்தவன் பெயரை 1,400 வருஷத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். விருந்தாளி யாரையும் நான் அங்கே அழைத்துப்போனதில்லை. வெயில், கல்லு முள்ளு என்று சாக்குச் சொல்வேன். கதை கட்ட அங்கே இடமில்லை என்பதுதான் காரணம்.

வரும் பொங்கலுக்குத் தங்கை மகள் வருகிறாள். "தெரியாம சொல்லிட்டேம்மா" என்று ஆரம்பிக்கலாம் என ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். எனக்குத் தெரியாது என்பது தெரிந்தேதான் சொன்னேன்.