கொஞ்சம் பொறுங்க

எங்கள் ஊரில் யாராவது கைத்தொலைபேசி வாங்கப் போனால், கடைக்குப் போகுமுன் என் வீட்டுப் படலையைத் தட்டுவது வழக்கம். ஆசிரியர் கலாசாலையில் கணிதம் படித்தவன், கணக்குப் பார்த்துச் சொல்வான் என்ற நம்பிக்கை. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "கொஞ்சம் பொறுங்க."

இது வாப்பாவிடமிருந்து வந்த குணம். அடுத்த வயல்காரர் புது மாதிரிக் கை உழவு இயந்திரம் இறக்கினால், வாப்பா இரண்டு போகம் வரம்பில் நின்று அதைப் பார்ப்பார். எந்தச் சாமான் முதலில் உடைகிறது, அதை மட்டக்களப்பில் எடுக்கலாமா, கொழும்புக்குத்தான் போக வேண்டுமா என்பதெல்லாம் தெரிந்த பிறகே காசை அவிழ்ப்பார்.

பின்னாளில் உலகமே வாப்பாவுக்குச் சாட்சி சொன்னது. 2007 ஜூன் கடைசியில் முதலாவது ஐபோன் வெளியானபோது எட்டு ஜிகாபைட் கொண்டதன் விலை 599 டொலர். வரிசையில் நின்று வாங்கியவர்களின் பெட்டியில் புது மணம் மாறுமுன்னரே, செப்டெம்பர் தொடக்கத்தில் அதை 399 ஆக்கினார்கள். முந்தி வாங்கியவர்கள் சத்தம் போட, 100 டொலருக்குக் கடையில் சாமான் எடுக்கலாம் என்று சமாளித்தார்கள். சம்சுங் நோட் 7 இன்னும் மோசம். 2016 ஓகஸ்டில் வந்தது. பற்றரி தீப்பிடிக்கிறது என்று செப்டெம்பரில் சுமார் 25 இலட்சம் போன்களைத் திருப்பி அழைத்தார்கள். மாற்றிக் கொடுத்ததும் தீப்பிடித்தது. ஒக்டோபரில் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். முதலில் வந்த பற்றரியில் ஒரு பிழை, மாற்றிப் போட்டதில் வேறொரு பிழை என்று பிறகு கம்பனியே சொன்னது. இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! சொல்லும்போது கொஞ்சம் பெருமையும் இருந்ததை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

2019 கடைசியில் ஒரு மேசன் வந்தார். என்னைவிட மூத்தவர். மகள் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தாள். கையில் சீட்டுக் காசு.

"சேர், புள்ளைக்கு ஒரு போன் வேணும். புதுசா ஒன்டு வந்திருக்காம். எடுக்கட்டா?"

"பொறுங்க காக்கா. நாலு மாசத்தில விலை குறையும். குறை நிறையும் தெரிஞ்சிரும்."

பொறுத்தார். அந்தக் காசு வீட்டுக் கூரைக்குப் போனது.

2020 மார்ச்சில் கொவிட் வந்து பாடசாலைகள் மூடப்பட்டன. ஊரடங்கு, கடைகளும் பூட்டு. நான் பாடங்களை எழுதிப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டேன். குழுவில் அந்தப் பிள்ளையின் வீட்டு இலக்கம் இல்லை. மூன்று வீடு தள்ளி, மாமி மகளின் போனைப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. பாடசாலை திறந்ததும் அந்தக் கொப்பியைப் பார்த்தேன். திரிகோண கணிதத்தில் சைனும் கோசைனும் இடம் மாறியிருந்தன. என் படம் அவ்வளவு மங்கல். திருப்பிக் கேட்க அவளிடம் வழியுமில்லை. டிசம்பரில் நடக்கவேண்டிய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அந்த அவகாசத்தில் வீட்டுக்கு வரச்சொல்லிப் படிப்பித்தேன். கணிதத்துக்கு 'எஸ்' வந்தது. 'பீ' எடுக்கக்கூடிய பிள்ளை.

வாப்பா வரம்பில் நின்ற அந்த இரண்டு போகமும் எங்கள் வயல் தரிசாகக் கிடக்கவில்லை. பட்டியில் எருமைச் சோடி நின்றது. ஐபோனுக்குப் பொறுத்தவர்களின் பையிலும் ஏதோ ஒரு போன் இருந்திருக்கும். மேசன் காக்காவின் வீட்டில் ஒன்றுமில்லை. கணக்குப் படிப்பிக்கிறவனுக்கு இந்த ஒரு கழித்தல் தெரியாமல் போயிற்று. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, 'விலை குறையும்' என்ற என் சூத்திரமும் பொய்த்தது.

போன மாதம் காக்கா மறுபடி வந்தார். இளைய மகன் இப்போது பத்தாம் வகுப்பு. பையிலிருந்து ஒரு புதுப் போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"கோவிக்காதீங்க சேர், இந்த முறை கேக்காம எடுத்துட்டன்."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். போன கிழமைதான் வெளிவந்த போன். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு, "குழுவில சேர்க்கிறன், நம்பரச் சொல்லுங்க" என்றேன்.